உஷார்! ரயில் பெட்டிக்குள் ஈயக் குண்டா?

மாதிரி ரயில் பெட்டி கட்டுகிறவரா நீங்கள்? எடை கூட்டுவதற்காக உள்ளே ஈயக் குண்டுகளைக் கொட்டி, மேலே வெள்ளைப் பசையை ஊற்றி, கூரையை ஒட்டி மூடியிருக்கிறீர்களா? அப்படியானால் அந்தப் பெட்டியை இன்றே எடுத்துப் பாருங்கள். பக்கச் சுவர் உப்பியிருக்கிறதா? மூலையில் ஒட்டு விட்டிருக்கிறதா? இடுக்கில் வெள்ளைத் தூள் தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பெட்டி உள்ளிருந்து பிளந்துகொண்டிருக்கலாம்.

எடை கூட்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. கூட்டியே ஆக வேண்டும். இலேசான பெட்டியை நீண்ட வண்டியின் நடுவில் மாட்டினால் அது வளைவில் உள்பக்கம் சாய்ந்து தடம் புரளும். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஒரு கணக்கே சொல்கிறது. ஹெச்.ஓ. அளவில், அதாவது 1:87-ல், முதலில் 1 அவுன்ஸ். பிறகு பெட்டி நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடி சரக்குப் பெட்டியின் மாதிரி சுமார் ஐந்தரை அங்குல நீளம் வரும். அதற்கு 3.75 அவுன்ஸ், ஏறக்குறைய 106 கிராம் வேண்டும். வெறும் பிளாஸ்டிக் கூடு அந்த எடைக்கு எட்டாது. டேங்கர், தட்டைப் பெட்டி போன்றவற்றில் இடமும் குறைவு. அதனால்தான் கை ஈயத்தைத் தேடிப் போகிறது. ஆபத்து தொடங்குவதும் அங்கேதான்.

உள்ளே நடப்பது என்ன?

வெள்ளைப் பசை என்பது பாலிவினைல் அசிடேட். அதிலிருந்து சிறிது சிறிதாக அசிட்டிக் அமிலம் வெளியேறும். வினிகரில் உள்ள அதே அமிலம். திறந்த இடத்தில் அது காற்றோடு போய்விடும். மூடிய பெட்டிக்குள் போக வழியில்லாமல் ஈயத்தைத் தின்னத் தொடங்கும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்துகொள்ள, ஈயம் வெள்ளை ஈயக் கார்பனேட்டாக மாறும். ஈயம் அடைத்திருந்ததைவிட அதிக இடம் அதற்கு வேண்டும். பசையில் இறுகிய குண்டுகளுக்கு விரிய இடமேது? சுவரைத் தள்ளும், ஒட்டைப் பிளக்கும். அந்தக் காலத்தில் ஓவியர்களுக்கான வெள்ளை நிறமியை, ஈயத்தை வினிகர் ஆவியில் வைத்தே செய்தார்கள். அதே தொழிற்சாலையை நாம் ரயில் பெட்டிக்குள் கட்டி வைக்கிறோம்.

பசையை மாற்றினால் மட்டும் போதாது. புளிப்பு வாடை வீசும் சாதாரண சிலிகானும் இதே அமிலத்தை விடும். மரமும் விடும். பழைய கப்பல் மாதிரிகளின் ஈய உறுப்புகள் மரப் பேழைக்குள் தூளாக உதிர்ந்ததை அருங்காட்சியகங்கள் கண்டிருக்கின்றன. எனவே மரத்தில் பெட்டி கட்டுகிறவர்கள் இன்னும் உஷாராக இருங்கள்.

உடனே செய்ய வேண்டியது

அந்த வெள்ளைத் தூள் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும்; பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே தூள் தெரிந்தால் வாயால் ஊதாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கையுறை போட்டு, ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, பையில் கட்டித் தனியே வையுங்கள். சமையல் மேடையிலோ சாப்பாட்டு மேசையிலோ இந்த வேலை வேண்டவே வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளின் கைக்கு அந்தப் பெட்டி எட்டக் கூடாது.

புதிய பெட்டிக்கு ஈயமே வேண்டாம். இரும்பு நட்டு, வாஷர் போதும். இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸியாலோ இருபக்க டேப்பாலோ ஒட்டுங்கள். இடம் போதாதபோது டங்ஸ்டன் இருக்கிறது. ஈயத்தைவிட அடர்த்தி அதிகம். இணைப்பியைக் கழற்றத் தண்டவாளத்தின் நடுவே காந்தம் பதித்திருந்தால், அடித்தளத்தை ஒட்டி இரும்பு வைக்காதீர்கள். காந்தம் பெட்டியைப் பிடித்து இழுக்கும். அங்கே பித்தளை வையுங்கள்.

மூடினால் கெடுவது இன்னும் உண்டு

ஸ்டைரீன் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் சுவர் எழுப்புகிறவர்கள் கரைப்பான் பசையைத் தாராளமாகப் பூசுகிறார்கள். நடுவில் சிக்கிய கரைப்பான் வெளியேற மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் சுவர் வளைந்துவிடும். உள்தகட்டில் சிறு துளைகள் போடுங்கள். அடித்தளத்திலும் காற்று போக ஒரு வழி விடுங்கள்.

பயணிகள் பெட்டியின் ஜன்னலுக்கு சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படியும். ஜன்னலுக்கு வெள்ளைப் பசையே நல்லது, உள்ளே ஈயம் இல்லாதவரை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூரை, தளம் இரண்டில் ஒன்றையாவது ஒட்டாமல் திருகாணி போட்டு மாட்டுங்கள். திறந்து பார்க்க முடிகிற பெட்டியைத்தான் காப்பாற்ற முடியும். கட்டி முடித்தவற்றில் எதற்குள் ஈயம் இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பெட்டிகளின் அடியில் இன்றே எழுதி வையுங்கள். விற்கும்போதும் பரிசளிக்கும்போதும் வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.