கொம்புக் கைப்பிடி நிலைப்படுத்தல்

கொம்புக் கைப்பிடி நிலைப்படுத்தல் என்பது கத்தி, உளி, அரிவாள் போன்ற கருவிகளுக்குப் பிடியாகும் கொம்பு, வெடிக்காமலும் சுருங்கித் தளராமலும் இருக்கப் பக்குவப்படுத்தும் முறையாகும். பிடி தளர்ந்த கருவி கையைப் பதம் பார்த்துவிடும். ஆகவே இது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று.

இருவகைக் கொம்புகள்

புள்ளிமான், கடமான் ஆகியவற்றின் கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைப்பது. அது எலும்பால் ஆனது. வெளிப்புறம் கெட்டியாகவும் உட்புறம் நுண்துளைகளுடனும் இருக்கும். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் கொம்பு உதிர்வதில்லை. உள்ளே எலும்புத் தண்டும், அதன்மேல் நம் நகத்தில் உள்ள கெரட்டினால் ஆன உறையும் இருக்கும். பிடிக்கு உதவுவது இந்த உறையே. புல்வாய் (வெளிமான்) மான் எனப்பட்டாலும் அதன் கொம்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

வரலாறும் பயன்பாடும்

பீகார் மாநிலம் சிராந்தில் புதிய கற்காலத்தைச் சேர்ந்த மான் கொம்புக் கருவிகள் கிடைத்துள்ளன. கூர்க்கா வீரர்களின் குக்ரி கத்திக்கு எருமைக் கொம்புப் பிடி போடுவது வழக்கம். உத்தரப் பிரதேசத்தின் சம்பல், ஒடிசாவின் பரலாகேமுண்டி ஆகிய ஊர்கள் கொம்பு வேலைக்குப் பெயர் பெற்றவை.

சட்டநிலை

இந்திய வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972 மான் கொம்பையும் கட்டுப்படுத்துகிறது. காட்டில் உதிர்ந்து கிடப்பதுதானே என்று எடுத்து வருவதும் குற்ற வழக்கில் கொண்டுபோய்விடக்கூடும். அத்தகைய பொருள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். எனவே நம் நாட்டில் பிடி செய்ய ஏற்றது வளர்ப்பு எருமை, மாட்டின் கொம்பே.

மான் கொம்புக்கான முறை

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில், எடை மேலும் குறையாத அளவுக்குக் கொம்பு உலர்த்தப்படுகிறது. பின்னர் அதைத் திரவப் பிசினில் மூழ்கவைத்து, வெற்றிடக் கலத்தில் காற்றை உறிஞ்சி எடுப்பர். குமிழிகள் நின்றபின் வெற்றிடம் நீக்கப்பட்டதும் பிசின் துளைகளுக்குள் புகும். ஏறத்தாழ 90–100 °செ வெப்பத்தில் அது இறுகிவிடும். கொம்பில் ஈரம் எஞ்சியிருந்தால் பிசின் சரியாகப் பிடிக்காது.

எருமைக் கொம்புக்கான முறை

கெரட்டின் உறை அடர்த்தியானது. பிசின் அதனுள் ஊடுருவாது. ஆகவே இதற்கு நிலைப்படுத்தல் என்பது பெரும்பாலும் பொறுமையாக உலர்த்துவதே.

1. கொம்பை நீரில் ஊறவைத்து எலும்புத் தண்டைப் பிரிக்க வேண்டும்.
2. வளைவை நிமிர்த்த, கொதிநீரில் இளக்கி, பலகைகளுக்கிடையே அழுத்தி ஆறவிட வேண்டும்.
3. வெயில் படாமல் நிழலில் பல வாரங்கள் உலர்த்த வேண்டும்.
4. உட்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, எபாக்சி பசையும் தறை ஆணிகளும் கொண்டு பொருத்த வேண்டும். ஆணியை ஓங்கி அடித்தால் கொம்பு பிளக்கும்.

கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூர் போன்ற ஊர்களில் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே காற்றின் ஈரம் பெரிதும் மாறும். அதற்கேற்பக் கொம்பும் உப்பிச் சுருங்கும். அவ்வப்போது எண்ணெய் தடவுவதும், கருவியை நீரில் ஊறவிடாமலும் வெயிலில் போடாமலும் வைப்பதும் பிடியின் ஆயுளைக் கூட்டும்.

பாதுகாப்பு

கொம்பை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்தூள் நுரையீரலுக்குக் கேடு தரும். முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும்.