ஆயுதச் சட்டம் உயிர் காக்குமா?



அமெரிக்காவில் பள்ளியில், ஆலயத்தில் துப்பாக்கிச் சூடு என்ற செய்தி வரும்போதெல்லாம், "கடுமையான சட்டம் இருந்தால் சாவுகள் குறையுமா?" என்ற கேள்வி எழுகிறது. நாம் வாழும் தாமிரபரணிக் கரையிலிருந்தே விடை தேடலாம்.

நமது நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமம் பெற்றவரும் பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்திருக்க இயலாது. ஆகவேதான் ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் ஒரு வரப்புத் தகராறு முற்றினால், கை அரிவாளைத் தேடுகிறது. துப்பாக்கி வீட்டில் இல்லை. அரிவாளும் கொல்லும். ஆனால் ஓடித் தப்பவும், ஊரார் குறுக்கே புகுந்து தடுக்கவும் சற்று நேரம் கிடைக்கிறது. துப்பாக்கி அந்த நேரத்தைத் தருவதில்லை.

அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் அதிகம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். மனம் உடைந்த வேளையில் ஆயுதம் கைக்கெட்டாதிருந்தால் பலர் பிழைத்திருப்பர். ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அரசு சட்டத்தைக் கடுமையாக்கி, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. அதன்பின் துப்பாக்கிச் சாவுகள் குறைந்தன. அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் மட்டும் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர்.

எனினும் நம் மாவட்டத்தின் காயம் வேறொன்றையும் கற்பிக்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டையொட்டி 13 பேர் உயிரிழந்தனர். அங்கு சுட்டவை சட்டம் அனுமதித்த துப்பாக்கிகள். காவல்துறை வரம்பு மீறியதாக நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் கூறியது; அதன் அறிக்கை 2022இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. எனவே மக்களிடமிருந்து ஆயுதத்தை விலக்கி வைக்கும் சட்டம், அதை ஏந்த உரிமை பெற்றோரையும் கட்டுப்படுத்த வேண்டும்.

கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை வீசினார்; ஒருவரின் காது அறுபட்டது. ஆண்டவர் அக்காதைத் தொட்டுக் குணமாக்கினார். வாளை உறையிலிடச் சொன்னார். அங்கே பேதுருவின் கையில் இருந்தது துப்பாக்கியாக இருந்திருந்தால்?

சட்டம் கோபத்துக்கும் ஆயுதத்துக்கும் இடையே தூரத்தை உண்டாக்கும். கோபத்தை அகற்றுவது நம் கடமை. பேசாமல் இருக்கும் உறவினரோடும் அயலாரோடும் ஒப்புரவாகி, வரும் ஞாயிறன்று பலிபீடத்தை அணுகுவோம்.