கோயில் கட்டிடம் ஆறு நாளும் பூட்டிக் கிடக்க வேண்டுமா?



ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிறவர்கள் வவுனியாவில் மன்னார் வீதிக்குத் திரும்பினால், வழியில் பூவரசங்குளம் வரும். நம் தோட்டங்களிலிருந்து வேதக்காரர் மட்டுமல்ல, சைவக்காரரும் வான் பிடித்து அந்த வழியாகத்தான் போகிறோம். அந்தப் பக்கத்தில் நம்மில் பலருக்குச் சொந்தமும் உண்டு. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலைநாட்டை விட்டுப் போன நம் ஆட்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறினார்கள். போர்க்காலத்தில் அங்கிருந்தும் ஓடினார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

இப்படி ஆட்கள் குறைந்த ஊரில் ஒரு சின்னக் கோயில் இருந்தால் அதன் நிலை என்னவாகும்? ஒரே சாமியார் பல கோயில்களைப் பார்க்க வேண்டியிருக்கும். பூசை வாரத்துக்கு ஒரு தரமோ, மாதத்துக்கு ஒரு தரமோ. மற்ற நாளெல்லாம் பூட்டு. நம் தோட்டங்களிலும் இதே கதைதான். இளவட்டங்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கோயில் கூரைத் தகரம் கறள் பிடிக்கிறது, உள்ளே வௌவால் குடியிருக்கிறது. அந்தப் பக்கம் லயத்தில் பிள்ளைகள் படிக்க ஒரு மேசை போட இடமில்லை.

இந்தக் கட்டிடத்தை வேறு நல்ல காரியத்துக்கும் பாவித்தால் என்ன? பாவிக்கலாம் என்பதே எமது எண்ணம். ஆனால் இரண்டு விஷயத்தை முதலில் பார்க்க வேண்டும். யாரைக் கேட்டுச் செய்கிறோம்? திறப்பு யார் கையில் இருக்கும்? மற்ற இடங்களில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

மடுவையே எடுத்துக்கொள்வோம். 1670இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கிய காலத்தில், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்து ஒதுங்கிய இடம் என்றுதான் அதன் வரலாறு தொடங்குகிறது. 1990இல் போர் மறுபடி மூண்டதும் அது திரும்பவும் ஒதுங்கும் இடமாயிற்று. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகம் மடு வளவில் திறந்த நிவாரண நிலையம் அமைத்தது. யாத்திரைக்காரர் சில நாள் தங்கும் மரநிழலில் பல்லாயிரம் சனங்கள் கொட்டில் போட்டு வருடக்கணக்கில் இருந்தார்கள். யாத்திரைக்கென்று பெரிய வளவும் தண்ணீர் வசதியும் முன்பே இருந்ததால்தான் அத்தனை பேரும் அங்கே சமாளிக்க முடிந்தது. இதை நாம் கவனிக்க வேண்டும். கூரை மட்டும் போதாது, குடிதண்ணீரும் மலசலகூடமும் வேண்டும்.

ஆனாலும் 1999 நவம்பர் 20ஆம் திகதி அந்த வளவில் ஷெல் விழுந்து, தஞ்சமடைந்திருந்தவர்களில் 40 பேரளவில் செத்துப் போனார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மாதா சுரூபத்தையே குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. கோயில் என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. வெளியே உள்ளவர்களும் அதை மதிக்க வேண்டும்.

இது ஆபத்துக் காலத்தில் தானாக நடந்தது. யாரும் கமிட்டி போட்டு முடிவெடுக்கவில்லை. ஆபத்தில்லாத காலத்தில், கேட்டு, யோசித்து, தங்கள் கோயிலையே கொடுத்த ஊர் ஒன்று கேரளத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் தும்பா என்று பெயர். மீனவர் ஊர். பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊருக்குக் கிட்டவாகப் போகிறது. மேல்வானத்தை ஆராய்வதற்கு ரொக்கட் விட அது நல்ல இடம் என்று 1960களின் தொடக்கத்தில் விஞ்ஞானி விக்ரம் சாராபாய் கண்டார். அந்த இடத்தில் புனித மரிய மதலேனாள் கோயிலும், ஆயர் வீடும், மீனவர் குடிசைகளும் இருந்தன.

அரசாங்கம் நினைத்தால் சட்டத்தைக் காட்டிக் காணியை எடுத்திருக்கலாம். நம் நாட்டில் காணி எடுக்கிற விதம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் சாராபாய் நேரே ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவிடம் போய்க் கேட்டார். ஆயர் உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாருங்கள் என்றாராம். அன்றைக்குக் கோயில் நிறைந்த சனத்திடம் விஷயத்தை எடுத்துச் சொல்லி, கொடுக்கலாமா என்று கேட்டார். சனங்கள் சம்மதித்தார்கள். இந்தக் கதையைப் பிற்காலத்தில் இந்திய ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவரே இளம் பொறியியலாளராக அந்தக் கோயிலுக்குள் வேலை செய்தவர். செபம் செய்த இடம் ஆய்வுகூடமானது, ஆயரின் அறையில் இருந்து படம் வரைந்தார்கள். ரொக்கட் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற புகைப்படம் இன்றைக்கும் பத்திரிகைகளில் வருகிறது. 1963 நவம்பர் 21ஆம் திகதி முதல் ரொக்கட் மேலே போனது. அமெரிக்காவில் செய்த ரொக்கட் அது. அதைப் பூட்டிப் பொருத்தியது அந்தக் கோயில் கட்டிடத்தில். இப்போது அந்தக் கோயில் விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள்.

இதில் பெருமை பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். கோயிலோடு சனங்களின் வீடுவாசலும் போயிற்று. அவர்களை வேறு இடத்தில் குடியேற்றி, பள்ளித்துறையில் புதுக் கோயில் கட்டிக் கொடுத்தார்கள். கடலை நம்பிப் பிழைக்கிறவனுக்கு வீடு மாறுவது சின்ன விஷயமில்லை. லயத்தை மாற்றுகிறோம் என்று சொன்னால் நமக்கு வயிற்றில் புளி கரைகிறதல்லவா, அதுபோலத்தான். அவர்கள் சம்மதித்ததற்குக் காரணம், வெளியார் வந்து ஆணையிடாமல், தங்கள் ஆயர் தங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

கோயிலை முழுதாகக் கொடுத்துவிட வேண்டும் என்றும் இல்லை. தேயிலைத் துரைமார் வந்த இங்கிலாந்திலேயே கிராமத்துக் கோயில்களுக்கு ஆள் குறைந்துவிட்டது. அங்கே ஹெரெபோர்ட்ஷயரில் யார்போல் என்று ஒரு சிறு கிராமம். ஊர்க் கடையும் தபால் கந்தோரும் மூடப்பட்டதும், ஊரார் சேர்ந்து தாங்களே கடை நடத்தினார்கள். 2009இல் அந்தக் கடையைத் தபால் கந்தோரோடு சேர்த்துத் தங்கள் பழைய கோயிலுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் அரிசி, பருப்பு மாதிரி வீட்டுச் சாமான், முத்திரை. மற்றப் பக்கம் பீடம். ஆராதனை நிற்கவில்லை. கிழவன் கிழவிகள் முத்திரை வாங்க வந்து, உட்கார்ந்து கதைத்துவிட்டுப் போகிறார்கள். கோயிலுக்குள் வியாபாரமா என்று நம்மில் சிலர் முகம் சுளிப்பார்கள். சரி, கடை வேண்டாம். ஆனால் அந்த ஏற்பாடு நமக்குப் பொருந்தும். பீடம் பீடமாகவே இருக்க, மிச்ச இடம் ஊருக்கு.

நம் தோட்டத்துக்கு வருவோம். பின்னேர வகுப்பு நடத்தலாம். கிழமைக்கு இரண்டு நாள் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வெளிச்சமும் வாங்கும் கிடைத்தால் அதுவே பெரிய காரியம். குடும்பநல மாது வந்து பிள்ளைகளை நிறுக்கவும் ஊசி போடவும் மழைக்கு ஒதுக்கான இடம் தேவை. வயதானவர்கள் கூட, பெண்கள் சேமிப்புக் குழு கூட இடம் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மிஞ்சியவர்கள் புது வீடு கிடைக்கும்வரை ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் நெடுநாள் கிடந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் பல இடங்களில் பாடசாலையும் கோயிலும்தான் கைகொடுத்தன. ஆனால் கோயிலே சரிவில் நின்றால் என்ன பிரயோசனம்? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வந்து இடம் பாதுகாப்பானதா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் அதைத் தங்குமிடம் என்று எழுதி வைக்கலாம்.

இனி யாரைக் கேட்பது. தோட்டக் காணி அரசாங்கத்தினுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசாங்கம் எடுத்தது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. அதனால் கட்டிடம் நம் தாத்தாமார் கல் சுமந்து கட்டியது என்றாலும், தோட்டத் துரையிடமும் கடிதம் கொடுக்க வேண்டும். அடுத்தது சபை. கத்தோலிக்கக் கோயில் என்றால் திருச்சபைச் சட்டத்தின்படி, ஆராதனை இல்லாத வேறு பாவிப்புக்கு ஆயரின் அனுமதி வேண்டும். இடத்தின் புனிதத்துக்கு ஒவ்வாத காரியத்துக்கு அவரும் அனுமதிக்க மாட்டார். மற்றச் சபைகள் என்றால் போதகர் மூலமாகக் கேட்க வேண்டும். மூன்றாவது, ஆனால் முதலில் செய்ய வேண்டியது, கோயிலுக்குப் போகிற சனங்களைக் கேட்பது. நாலு குடும்பம்தானே என்று விட்டுவிடக் கூடாது. தும்பாவில் ஆயர் செய்ததைப் போல, எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு கிழவி மாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். அவளுடைய புருஷனின் சவப்பெட்டி கடைசியாக அங்கேதான் வைக்கப்பட்டிருக்கும்.

சைவப் பிள்ளைகளின் தாய்தகப்பனுக்கும் ஒரு பயம் இருக்கும், படிக்க அனுப்பினால் மதம் மாற்றுவார்களோ என்று. வகுப்பு நேரத்தில் செபமோ பிரசங்கமோ இல்லை என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வைத்தால் அந்தப் பேச்சு எழாது. மாரியம்மன் கோயில் மண்டபத்தை இப்படிப் பாவித்தாலும் இதே ஒழுங்குதான், வேதக்காரப் பிள்ளையும் பயமில்லாமல் வர வேண்டும்.

திறப்பு இரண்டு இருக்கட்டும். ஒன்று கோயில் மூப்பரிடம், மற்றது லயத்துப் பெண்கள் ஒருவரிடம். கட்சிக் கூட்டம், குடி, சீட்டு கிடையாது. உர மூட்டையும் மருந்துத் தகரமும் அடுக்கிவைக்க விடாதீர்கள். நல்ல கட்டிடம் பல இப்படித்தான் ஸ்டோராகிப் பாழாயிற்று. கரண்ட் பில் யார் கட்டுவது, கூட்டிப் பெருக்குவது யார் முறை என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

உங்கள் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் கோயிலோ மண்டபமோ இருந்தால், ஐப்பசி மழைக்கு முன் கூரையையும் மலசலகூடத்தையும் நாலு பேர் சேர்ந்து பார்த்து, என்ன உடைந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி உங்கள் தோட்ட நல உத்தியோகத்தரிடம் கொடுங்கள். கோயில் ஆட்களின் சம்மதக் கையெழுத்தும் அதோடு இருந்தால் துரையிடமும் சாமியாரிடமும் நாங்கள் கூட வந்து பேசுவோம்.