சக்கரம் ஓடாத நேரத்துக்குச் சம்பளம் யார் தருவது?
பிளற்பெட் ட்ரக் ஓட்டுவோரும் அவர்களின் வீட்டாரும் அறிய வேண்டியவை



அகதியாக வந்திறங்கிய காலத்தில் உணவகக் கோடியிலும் தொழிற்சாலை இரவு வேலையிலும் நின்ற எம்மவர் பலர், பின்னர் ஏ-செட் அனுமதிப்பத்திரம் எடுத்து நெடுஞ்சாலைக்குப் போனார்கள். இன்று அவர்களின் பிள்ளைகளும் மருமக்களும் சிலர் அதே தொழிலுக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று: "பிளற்பெட்டுக்குப் போனால் காசு கூடவாமே, போகலாமா?" ஒன்ராறியோவில் இருந்து ஓடுபவர்களை மனதில் வைத்து இந்த மாத உரையில் அதைப் பார்ப்போம்.

பிளற்பெட் என்பது சுவரும் கூரையும் இல்லாத தட்டையான ட்ரெயிலர். பெரும்பாலும் 48 அடி அல்லது 53 அடி நீளம். இரும்புச் சுருள், மரம், கொங்கிறீட் குழாய், இயந்திரம் என்று பெட்டிக்குள் அடங்காத எல்லாம் இதிலே போகும். மூடிய ட்ரெயிலர் ஓட்டுபவர் பல இடங்களில் கதவைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் புறப்படலாம். பிளற்பெட் சாரதிக்கு அந்த வசதி இல்லை. சரக்கைச் சங்கிலியாலும் பட்டியாலும் கட்டுவதும், மழையும் உப்பும் படாமல் படங்கு போட்டு மூடுவதும், இறக்குமிடத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்து மடித்து வைப்பதும் அவருடைய வேலை.

மற்ற ட்ரக் வேலைக்கும் பிளற்பெட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். இங்கே வேலையின் பெரும்பகுதி சக்கரம் நிற்கும்போது நடக்கிறது. சம்பளமோ பல இடங்களில் சக்கரம் ஓடும் மைலுக்குத்தான் பேசப்படுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

விளங்குவதற்காக ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஹமில்ரனில் இரும்பு ஏற்றி மொன்றியலில் இறக்குகிறீர்கள். தூரம் ஏறத்தாழ 375 மைல். மைலுக்கு 60 சதம் என்று பேச்சு. அப்படியானால் 225 டொலர். ஓட்டம் 7 மணித்தியாலம் என்று வைத்தால் மணிக்கு 32 டொலர் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது மிச்ச நேரத்தையும் சேர்ப்போம். ஏற்றுமிடத்தில் காத்திருந்து ஏற்றியது 3 மணித்தியாலம். சங்கிலி போட்டது 1. படங்கு போட்டது 1. இறக்குமிடத்தில் படங்கு அவிழ்த்து, இறக்கி, மடித்து வைத்தது 2. எல்லாமாக 14 மணித்தியாலம். அதே 225 டொலரை 14 ஆல் பிரித்தால் மணிக்கு 16 டொலர் சொச்சம்.

மத்திய அரசின் சட்டத்துக்குள் வரும் தொழில்களில் ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரல் 1 இல் மணிக்கு 17.75 டொலராக ஆக்கப்பட்டது. ஒவ்வோர் ஏப்ரலிலும் அது திருத்தப்படுகிறது. மாகாண எல்லையையோ அமெரிக்க எல்லையையோ தாண்டி ஓடும் ட்ரக் கொம்பனிகள் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. மைலுக்குச் சம்பளம் என்றாலும், வேலை செய்த நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் அது ஆகக் குறைந்த சம்பளத்துக்குக் கீழே போகக்கூடாது. மேலே சொன்ன உதாரணம் கீழே போய்விட்டது.

அதே பயணத்துக்கு, படங்கு போட 50 டொலர் என்றும், இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட காத்திருப்புக்கு மணிக்கு 20 டொலர் என்றும் பேசியிருந்தால் 225 என்பது 295 ஆகும். மணிக்கு 21 டொலர். மைல் விலையில் ஒரு சதமும் கூடவில்லை. கேட்டு வாங்கியதால் வந்த வித்தியாசம் அது.

கட்டுவது பொறுப்பான வேலை

"கட்டுறது என்ன பெரிய வேலையா" என்று டிஸ்பாட்சர் சொல்லக்கூடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கட்டும் சங்கிலிகளின் பாரந்தாங்கும் அளவு எல்லாம் சேர்ந்து, சரக்கின் நிறையில் பாதிக்காவது வர வேண்டும். 40,000 இறாத்தல் சரக்கென்றால் 20,000 இறாத்தலுக்குக் குறையக்கூடாது. தரம் 70 என்று குறிக்கப்பட்ட 3/8 அங்குலச் சங்கிலி ஒன்றின் அளவு 6,600 இறாத்தல். சரக்கின் மேலாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மூன்று சங்கிலி போட்டால் 19,800. போதாது. நாலாவது வேண்டும். சரக்கின் நீளத்தைப் பொறுத்தும் எத்தனை கட்டு என்ற தனிக் கணக்கு உண்டு. இரும்புச் சுருள், குழாய், மரம் போன்றவற்றுக்குத் தனித்தனி விதிகளும் உள்ளன.

கட்டிய பிறகும் வேலை முடியவில்லை. புறப்பட்டு முதல் 80 கிலோமீற்றருக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். பிறகு 240 கிலோமீற்றருக்கு ஒருமுறை அல்லது 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டும். பனியிலும் மழையிலும் அதுதான் விதி. தளர்ந்த கட்டோடு வீதியில் மறித்தால் குற்றப்பத்திரம் சாரதிக்கும் வரும், கொம்பனிக்கும் வரும்.

உடம்புக்கும் இது பாரமான வேலை. மரத்துக்குப் போடும் பெரிய படங்கு ஒன்று 80 முதல் 100 இறாத்தல் வரை நிறை. மழையில் நனைந்தால், பனி பிடித்தால் இன்னும் கூடும். தளமே நிலத்திலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரம். சரக்கின் உச்சி பதின்மூன்று அடி வரை போகலாம். அந்த உச்சியில், உறைபனி பிடித்த பிளாஸ்ரிக் உறையின் மேல் நின்று படங்கை விரிப்பதை நினைத்துப் பாருங்கள். காற்று படங்கைப் பிடித்தால் ஆளையும் இழுத்துவிடும். தோள், முழங்கால், நாரி மூன்றும் பழுதாகும் தொழில் இது. சில ஆலைகளில் படங்கு போடுவதற்கென்று பாதுகாப்பு வார் மாட்டிய மேடை இருக்கிறது. இல்லாத இடத்தில், ஆபத்து என்று நியாயமாக எண்ணினால் மறுக்கும் உரிமை மத்திய தொழிற் சட்டத்தில் ஊழியருக்கு உண்டு.

ஹம்போல்ட் விபத்து சொல்லும் பாடம்

2018 ஏப்ரல் 6 ஆம் திகதி சஸ்கச்சுவானில் ஹம்போல்ட் இளைஞர் ஹொக்கி அணி போன பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். அந்தத் துயரத்தை எல்லோரும் அறிவோம். ட்ரக்கில் இருந்தது படங்கால் மூடிய பீற் மொஸ் மூட்டைகள் என்பது பலருக்கு நினைவில்லை. பின்னால் அடித்துக்கொண்டிருந்த படங்கைக் கண்ணாடியில் பார்த்தபடி வந்த சாரதி, நிறுத்தற் குறியைக் கவனிக்காமல் சந்திக்குள் போனார் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அவர் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2019 இல் 8 வருடச் சிறை கிடைத்தது. கொம்பனி உரிமையாளருக்கு, பதிவேடு தொடர்பான விதிகளை மீறியதற்காக 5,000 டொலர் தண்டம். சாரதி நிரந்தர வதிவிட உரிமையில் இருந்த புதிய குடிவரவாளர். 2024 மே மாதம் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது.

இறந்தவர்களின் குடும்பங்களின் துயரத்துக்கு எதுவும் ஈடில்லை. ஆனாலும் எம்மவர் இதில் கவனிக்க வேண்டியது உண்டு. பழகாத சாரதியைப் படங்கோடும் பாரத்தோடும் தனியே அனுப்புவது கொம்பனிக்குச் செலவு மிச்சம். பிழைத்தால் முதலில் சிறைக்குப் போவது சாரதி. பாரதூரமான குற்றத்துக்காக ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற நிரந்தர வதிவாளர், வெளியேற்ற உத்தரவை எதிர்த்துக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி இருந்தும் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டிருப்பவர்கள், முக்கியமாக ட்ரக் ஓட்டுபவர்கள், இனியும் பிற்போட வேண்டாம்.

ஒன்ராறியோவில் ஏ-செட் எடுக்க 2017 ஜூலை முதல் ஆகக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். அது ஓட்டப் பழக்கும். பிளற்பெட் வேலையைக் கையில் பழக, அனுபவமுள்ள ஒருவரோடு சில வாரங்களாவது போக வேண்டும். அந்த வாரங்களுக்கும் சம்பளம் கேளுங்கள்.

நேரப் பதிவில் எழுதுவது

கனடாவுக்குள் ஒரு நாளில் 13 மணித்தியாலம் ஓட்டலாம், 14 மணித்தியாலம் கடமையில் இருந்த பிறகு ஓட்டக்கூடாது. அமெரிக்காவுக்குள் 11 மணித்தியால ஓட்டம், அதுவும் கடமை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குள். ஏற்றுவதும் கட்டுவதும் படங்கு போடுவதும் கடமை நேரம்.

2023 ஜனவரி முதல் கனடாவில் இலத்திரனியல் பதிவுக் கருவி இல்லாமைக்குத் தண்டம் அறவிடப்படுகிறது. கருவி ஓட்டத்தைத் தானாகப் பதியும். நிற்கும் நேரத்தை "கடமை" என்று போடுவதா "ஓய்வு" என்று போடுவதா என்பது சாரதியின் விரலில் இருக்கிறது. நிற்கும் நேரத்துக்குக் காசில்லாத கொம்பனியில், "ஓய்வு என்று போட்டுவிட்டு ஏற்று தம்பி, பிறகு ஓட நேரம் மிஞ்சும்" என்று சொல்வார்கள். அப்படிப் போட்டால் மூன்று நட்டம். களைப்போடு வண்டி ஓட்டுகிறீர்கள். பொய்ப் பதிவுக்குப் பொறுப்பாகிறீர்கள். நாளைக்குச் சம்பள வழக்கென்று போனால், அந்த நேரம் வேலை செய்யவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிறது. உண்மையான பதிவு உங்கள் கையிலுள்ள மிகப் பலமான சாட்சி.

"கொம்பனி திறந்துகொண்டு வா"

இனி எம்மவரிடையே அதிகம் அடிபடும் சங்கதிக்கு வருவோம். வேலைக்குப் போனால், "உம்முடைய பெயரில் ஒரு கொம்பனி பதிந்துகொண்டு வாரும், கழிவு ஒன்றும் இல்லாமல் முழுக் காசையும் செக்காகத் தருகிறோம்" என்கிறார்கள். இதற்குத் தொழில் வட்டாரத்தில் "டிரைவர் இன்க்" என்று பெயர்.

வண்டி அவர்களுடையது, எண்ணெய் அவர்களுடையது, காப்புறுதி அவர்களுடையது, எங்கே எப்போது போவது என்று சொல்வதும் அவர்கள் என்றால் நீங்கள் முதலாளி அல்ல, ஊழியர். ஊழியரை ஊழியரல்ல என்று காட்டுவதை மத்திய தொழிற் சட்டம் 2021 ஜனவரி 1 முதல் தடை செய்கிறது. ஊழியரல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொம்பனியுடையது. 2024 ஜூனில் இந்த விதி மேலும் இறுக்கப்பட்டது.

முழுச் செக் கையில் வரும்போது பெரிதாகத் தெரியும். அதில் இல்லாதவற்றைப் பாருங்கள். ஊழியராக இருந்தால் முதல் வருடம் முடிய 4 வீதம், ஐந்து வருடம் முடிய 6 வீதம் விடுமுறைச் சம்பளம். வருடத்தில் 10 நாள் வரை சம்பளத்தோடு சுகவீன விடுப்பு. பொது விடுமுறைச் சம்பளம். நெடுஞ்சாலைச் சாரதிக்கு வாரத்தில் 60 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. வேலை போனால் வேலையிழப்புக் காப்புறுதி. கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குக் கொம்பனியின் பங்கு. கொம்பனி பதிந்துகொண்டு போனால் இவை ஒன்றும் கையில் வராது. ஓய்வூதியப் பணத்திலும் இரண்டு பங்கையும் நீங்களே கட்ட வேண்டிவரும்.

எல்லாவற்றிலும் பெரியது காயம். படங்கு போடும்போது விழுந்து கால் முறிந்தால், ஒன்ராறியோவில் ஊழியருக்கு டபிள்யூ.எஸ்.ஐ.பி. காப்பு உண்டு. சுயாதீனமாக ஓடுபவர் தானாக விரும்பி வாங்கியிருந்தால் மட்டுமே அவருக்குண்டு. பிளற்பெட் வேலையில் இதை இல்லாமல் ஏறுவது கூடவே கூடாது.

வரியிலும் பொறி இருக்கிறது. இப்படியான கொம்பனியை வரித் திணைக்களம் தனிநபர் சேவைக் கொம்பனி என்று தீர்மானித்தால், சிறு வியாபார வரிச் சலுகை இல்லை, பெரும்பாலான செலவுகளைக் கழிக்கவும் முடியாது. மத்திய வரி மட்டும் 33 வீதம். வருடங்கள் கழித்து வட்டியோடு கடிதம் வரும்போது, செக் தந்தவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

சொந்தமாக ட்ரக் வாங்கி, சொந்தச் செலவில், தானே பேரம் பேசி ஓடுபவரின் கதை வேறு. அது உண்மையான வியாபாரம். அவர்கள் சரக்குக் கூலியில் வீதம் பேசினால், மூலப் பற்றுச்சீட்டைப் பார்க்கும் உரிமையையும் எழுத்தில் பேச வேண்டும். பார்க்காத தொகையில் 75 வீதம் என்பது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

கேட்க வேண்டிய கேள்விகள்

வேலைக்குக் கையெழுத்து வைக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. மைல் என்றால் எந்த மைல்? வண்டி ஓடிய மைலா, வரைபடத்தின் குறுகிய மைலா? வெறுமையாக ஓடும் மைலுக்கும் உண்டா?
2. படங்கு போட எவ்வளவு? அவிழ்க்க எவ்வளவு?
3. காத்திருப்புக் காசு எத்தனை மணித்தியாலத்தில் தொடங்கும்?
4. சங்கிலி, பட்டி, படங்கு யாருடையது? கிழிந்தால் யார் காசு?
5. வருட முடிவில் ரி-4 தருவீர்களா, ரி-4ஏ தருவீர்களா?
6. டபிள்யூ.எஸ்.ஐ.பி. காப்பு இருக்கிறதா?
7. முதற் சம்பளத்தை எத்தனை வாரம் பிடித்து வைப்பீர்கள்? எப்போது திருப்பித் தருவீர்கள்?

"எங்கட ஆக்கள்தானே, இதையெல்லாம் கேட்டால் என்ன நினைப்பார்" என்று பலர் கூச்சப்படுகிறார்கள். ஊரவர் என்றாலும் உறவினர் என்றாலும் கணக்கு கணக்குத்தான். நேர்மையாகக் கொம்பனி நடத்தும் எம்மவரும் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகள் அவர்களுக்குத் தொந்தரவாக இராது. கழிவும் காப்பும் ஒழுங்காகக் கட்டும் அவர்களின் வியாபாரத்தைத்தான் கட்டாதவர்கள் மலிவு விலை சொல்லிக் கெடுக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை. ஒரு கொப்பி வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் திகதி, ஏற்றிய இடம், இறக்கிய இடம், காத்திருந்த நேரம், படங்கு போட்டதா இல்லையா, வந்த காசு. வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். சம்பளச் சீட்டையும் அனுப்பிய குறுஞ்செய்தியையும் எறிய வேண்டாம். சம்பளம் வராவிட்டால் மத்திய தொழிற் திட்டத்தில் முறையிட ஆறு மாதம்தான் அவகாசம். மாகாணத்துக்குள் மட்டும் ஓடும் கொம்பனியானால் ஒன்ராறியோ தொழில் அமைச்சுக்கு முறையிட வேண்டும், அங்கே இரண்டு வருடம். "இந்த மாதம் தருவார், அடுத்த மாதம் தருவார்" என்று காத்திருந்து ஆறு மாதத்தைக் கடத்திவிடாதீர்கள். முறையிட்டதற்காகப் பழிவாங்குவதும் சட்டப்படி குற்றம்.

ஆகவே, பிளற்பெட்டுக்குப் போகலாமா? போகலாம். நல்ல கொம்பனியில், பழகிக்கொண்டு, நிற்கும் நேரத்துக்கும் விலை பேசிப் போனால் அது மதிப்பான தொழில். மைல் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போனால், நாரியைக் கொடுத்து ஆகக் குறைந்த சம்பளம் வாங்குவதாகத்தான் முடியும். ஓட்டுபவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை வெட்டி அவர் பையில் வைத்துவிடுங்கள்.