வீட்டுக்குள் ஓர் ஆய்வகம் – 7: உதவி எங்கே நிற்க வேண்டும்?

தெர்மாகோல் எரிமலைகள் பெற்றோரின் கைவேலையாகவே பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போய்ச் சேர்வது ஏன் என்பது சென்ற வாரம் விரிவாகச் சொல்லப்பட்டுவிட்டது. இந்த வாரம் எழுத எண்ணியிருந்தவை நடுவர்களின் கேள்விகள். ஆயினும், உதவியை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது தெளியாமல் அவற்றுக்குள் நுழைவதில் பயனில்லை.

இதற்கு இன்றளவும் ஒளி தருவது, டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர் 1976-இல் வெளியிட்ட ஆய்வு. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 30 குழந்தைகள், ஒவ்வொருவராக, 21 மரக்கட்டைகளைக் கொண்டு ஆறு அடுக்குப் பிரமிடு ஒன்றைக் கட்ட வேண்டும். ஒரு கட்டையின் முளை மற்றொன்றின் குழியில் பொருந்தினால் ஓர் இணை. இரண்டு இணைகள் சேர்ந்தால் ஓர் அடுக்கு. உச்சியில் மட்டும் ஒற்றைக் கட்டை. குழந்தையால் முடிந்ததையெல்லாம் குழந்தையே செய்ய விடுவது என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்ட ஆசிரியர், முதலில் குழந்தையை அதன் போக்கில் விளையாட விட்டு, பிறகு வாயால் சொல்லிப் பார்த்து, அதுவும் பலிக்காதபோதே கையால் செய்து காட்டினார். கட்டடம் எழும்வரை தாங்கி நின்று பின்னர் பிரிக்கப்படும் சாரத்தின் பெயரையே இவ்வகை உதவிக்கு அவர்கள் சூட்டினர். வுட் தம் சகாக்களுடன் 1978-இல் அதே பிரமிடை வைத்து நான்கு கற்பித்தல் முறைகளை ஒப்பிட்டபோது, குழந்தை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டுவதும், தேறினால் ஒரு படி குறைப்பதுமான முறையே சிறந்ததாக விளங்கியது. பெற்றோருக்கு இவ்வளவு எளிமையும் இவ்வளவு கடினமுமான விதி வேறொன்று கிடையாது.

பள்ளிகளில் வழக்கமான பாசிப்பயறுச் சோதனையில் இவ்விதி நன்கு விளங்கும். ஈரப்பஞ்சில் முளைத்த பயற்றில் ஒரு கிண்ணத்தை ஜன்னலோரத்திலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைக்கும் சிறுமி, வெளிச்சத்தில் உள்ளதே உயரமாக வளரும் என்று எதிர்பார்க்கிறாள். சில நாட்களில் அலமாரிப் பயறோ மஞ்சள் வெளிறி, இலை விரியாமல், நெடுநெடுவென்று நீண்டு நிற்கிறது. வித்திலையில் சேமித்த உணவை, ஒளியை எட்டுவதற்காகத் தண்டை நீட்டுவதிலேயே செடி செலவிடுகிறது. ஒளியில்லாததால் பச்சையமும் உருவாவதில்லை. இந்த இடத்தில், அளவு தப்பிவிட்டதென்று அடித்துத் திருத்தும் பெற்றோரே மிகப் பெரிய தீங்கைச் செய்கிறார்கள். இரண்டு கிண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது முதல் படி. அதற்கும் அவள் விழித்தால், தண்டையும் இலையையும் தனித்தனியே அளக்கச் சொல்வது அடுத்த படி. காரணத்தைச் சொல்லித் தருவது கடைசிப் படி. பல நேரங்களில் அந்தக் கடைசிப் படி தேவைப்படாமலே போகலாம்.

வீட்டுக்கு வெளியேயும் உதவியின் இடம் இதுவே: 1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ளோர் ஆய்வு செய்ய, வழிகாட்டி ஆசிரியர் அருகிருந்து நெறிப்படுத்துகிறார். அங்கு நடுவர்கள் தொடுக்கும் கேள்விகளும், குழந்தையின் கையெழுத்திலேயே இருக்க வேண்டிய ஆய்வு நாட்குறிப்பும் அடுத்த வாரத்துக்குரியவை.