புரதத்தின் வடிவமும் கணிப்பொறியின் அறிவும்

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் மணிகளைப் போல வரிசையாகக் கோக்கப்பட்ட சங்கிலியாகும். இச்சங்கிலி மடிந்து பெறும் வடிவமே அதன் தொழிலைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. எக்ஸ் கதிர், காந்த ஒத்ததிர்வு முதலிய முறைகளால் அவ்வடிவத்தை அளந்தறிய ஒரு புரதத்திற்கே பல ஆண்டுகள் செல்வதுண்டு. ஆதலின் இப்பணிக்குக் கணிப்பொறியின் துணை நாடப்பட்டது. ஆனால், அறிவூட்டப்படாத கணிப்பொறியால் பயனில்லை. சங்கிலி மடியக்கூடிய விதங்கள் எண்ணிலடங்காதவை.

அவ்வறிவின் அடிப்படைகளுள் ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. சங்கிலியின் கணுக்களில் அமையும் இரு கோணங்களுள், அணுக்கள் ஒன்றையொன்று நெருக்காதவை எவை என்பதைக் காட்டும் வரைபடத்தை ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963-இல் வெளியிட்டனர்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 1980-களில் அமைத்த 'புரோட்டியன்' நிபுணர்களின் விதிகளைக் கொண்டு இயங்கிற்று. காந்த ஒத்ததிர்வால் அறிந்த அணுத் தொலைவுகளுக்கு முரணான அமைப்புகளை அது தள்ளிற்று, முரண்படாதவற்றை எஞ்சவைத்தது. டீப்மைண்ட் நிறுவனத்தார் 2020-இல் வெளிப்படுத்திய 'ஆல்ஃபாஃபோல்டு' இரண்டாம் பதிப்போ உதாரணங்களிலிருந்து கற்றது. 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் சேர்ந்திருந்த ஏறத்தாழ 1,70,000 வடிவங்களே அதன் பாடநூல். உறவுடைய புரதங்களின் வரிசைகளையும் அது ஒப்பிடுகின்றது. ஆய்வுக்கூடத்தார் அரை நூற்றாண்டு அளந்து சேர்த்த செல்வமே இவ்வாறு கணிப்பொறியின் அறிவாயிற்று.

இக்கணிப்பு அளவீட்டிற்கு ஈடாகாது. சங்கிலியின் ஒவ்வோர் இடத்திற்கும் நூற்றுக்கு இவ்வளவு என நம்பகமதிப்பெண் ஒன்றும் தரப்படுகின்றது. 90-க்கு மேற்பட்ட பகுதி பெரும்பாலும் நம்பத்தக்கது. 50-க்குக் குறைந்ததை வடிவமாகக் கொள்ளலாகாது.

அரிவாள் அணுச் சோகையை இங்கு நினைவுகூரலாம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வேலின் அமைவதே அந்நோயின் மூலம். பிராணவாயு நீங்கியபோது இம்மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. இத்தகைய ஒற்றை மாற்றத்தின் விளைவைக் கூறுவதற்கென ஆல்ஃபாஃபோல்டு அமைக்கப்படவில்லை. எனவே கிராமங்களில் அந்நோயைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையே வேண்டும்.

கணிப்பொறி வரைந்த புரதப் படத்தை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், அதனுடன் வரும் நம்பகமதிப்பெண்ணையும் சேர்த்துக் காட்டுதல் நலம்.