நிழலில் விளையும் ஏலம்

பால்மரத் தோட்டம் அமைப்பவர் காட்டை அழித்துக் கன்று நடுவர். ஏலத்தோட்டம் அமைப்பவரோ காட்டின் பெருமரங்களை நிற்கவிட்டு, அவற்றின் அடியில் நடுவர். இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஏலம், மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் தானாக வளர்ந்த பல்லாண்டுச் செடியாகும். ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் உயரத்தில், மழை மிகுந்த சரிவுகளே அதற்கு உகந்தவை. ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்தாலும் அதன் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வன. ஆதலின் நேர்வெயில் பட்டால் இலை கருகும். மண்ணின் ஈரம் வற்றினால் செடி வாடும்.

நிழல் நல்லதென்று இருளில் வளர்த்தலும் தவறு. நிழல் மிகுந்தால் தழை செழித்துக் காய் குறையும். மழைக்காலத்தில் ‘அழுகல்’ நோய் பற்றிக் காய்கள் உதிரும். ஏறக்குறையப் பாதி வெளிச்சம் கசிந்து வருதலே அளவு. எனவே தென்மேற்குப் பருவமழைக்கு முன் மரங்களின் பக்கக் கிளைகளைக் கழித்து, உச்சித் தழையை விட்டுவைப்பர். கோடை வருமுன் கிளைகள் மீண்டும் தழைத்துவிடும். கோடையில் இலையுதிர்க்கும் மரம் இதற்குப் பயன்படாது. எக்கிளையைக் கழிப்பது, எதை விடுவது என்பதில்தான் தோட்டக்காரரின் திறமை இருக்கிறது.

நடும்போது கிழங்கை ஆழப் புதைத்தல் ஆகாது, அழுகிவிடும். தாய்த்தூரிலிருந்து பிரித்த பக்கக்கன்று தாயின் குணம் மாறாமல் வளரும். ஆனால் தாய்க்குக் ‘கட்டே’ என்னும் நோய் இருந்தால் அதுவும் உடன்வரும். விதைவழி அந்நோய் பரவுவதில்லை. அசுவினிப் பூச்சி பரப்பும் இந்நோய்க்கு மருந்தில்லை. நோயுற்ற தூரை அடியோடு பெயர்த்து அழிப்பதே வழி.

மூன்றாம் ஆண்டில் தூரின் அடியிலிருந்து பூங்கொத்துகள் கிளம்பும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரே பகல்தான் வாழ்வு. அதற்குள் தேனீ வந்து தீண்டாவிடில் பெரும்பாலும் காய் பிடிக்காது. பூக்கும் பருவத்தில் காலையில் பூச்சிமருந்து தெளிப்பவர் தம் விளைச்சலையே கெடுத்துக்கொள்கிறார்.

தேனி மாவட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் நாள்தோறும் ஜீப்பில் மலையேறி, கேரளத்து இடுக்கித் தோட்டங்களில் காய் எடுக்கின்றனர். விதை கறுத்தும் தோல் பச்சையாயும் இருக்கும் பருவமறிந்து எடுத்தல் வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோவாகும். அது போடிநாயக்கனூரில் ஏலம் விடப்படுகிறது. (விலைகூறி விற்கும் அந்த ‘ஏலம்’ போர்த்துகீசியச் சொல்வழி வந்தது, செடியின் பெயரோடு அதற்கு உறவில்லை. மாணாக்கர் குழப்பிக்கொள்ளக் கூடும்.)

மிகுதியாகக் காய்க்கும் ‘ஞள்ளானி’ வகை பரவியபின், தோட்டக்காரர் பலர் நிழலைக் குறைத்து, கோடையில் நீர் பாய்ச்சி விளைச்சலைப் பெருக்கினர். 2024ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து நீர்நிலைகள் வற்றவே, இடுக்கியில் ஏலச்செடிகள் பெருமளவில் காய்ந்தன. செடி மாண்ட இடத்தில் புதுக்கன்று நட்டால் மூன்றாம் ஆண்டில் காய்க்கும். மரம் வெட்டிய இடத்தில் கன்று நட்டால், அது ஏலத்திற்கு ஏற்ற நிழல் தர இன்னும் பல ஆண்டுகள் செல்லும்.